கடைசி ஆளுக்குப் பின்னால்

அமில்கார் கட்டைவிரலால் டயரை அமுக்குகிறார். விரலை எடுத்ததும் ரப்பர் எவ்வளவு வேகமாக மேலே வருகிறது என்று பார்க்கிறார். பிறகு சைக்கிள்காரனின் கண்ணைப் பார்க்கிறார். "இது நேத்துப் புடிச்சது. போகலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த சைக்கிளுக்கு நகர்கிறார். "இது மூணு நாள் ஆச்சு. பூனைக்குப் போடு. பம்ப் எங்க?"

அடுத்து நிற்பவன் நெல்சன். வங்கியில் வேலை பார்க்கும் பருத்த இளைஞன். அவனுடைய டயரை அவர் தொடவே இல்லை.

"கண்ணு கலங்கிக் கெடக்கு தம்பி. நேத்து யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல மாமா. பெனால்ட்டில தோத்துட்டோம்."

"அப்ப டயர் நல்லாத்தான் இருக்கும். நீதான் பஞ்சர்."

ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்துக்கடைக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடை வாசலில் எங்கள் குழு புறப்படும் முன் இது தவறாமல் நடக்கும். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. இப்போதெல்லாம் சிலர் சோதனையில் தேறுவதற்காகவே வீட்டில் காற்றடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அமில்கார் வாஸ் மீன் விற்பவர். வாரநாட்களில் வெள்ளை வேனில் மொன்டெசின்யுக் காட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கெல்லாம் போவார். கடல் எங்களுக்கு எட்டாத தூரம்; மீன் இரவோடு இரவாக லாரியில் மலையேறி வரும், விடியும் முன் அவர் ஐஸ் பெட்டிகளோடு இறக்கிக்கொள்வார். ஊர் எல்லையில் ஹாரனை நீளமாக ஒரு முறை அழுத்துவார். பெண்கள் கையில் பாத்திரத்தோடு வருவார்கள். யாராவது மத்தியை மூக்கருகே கொண்டுபோய், "என்ன அமில்கார், பழசா இருக்கே?" என்று கேட்டால், "என்னை விடவா?" என்பார். அதற்கு மேல் விவாதம் கிடையாது.

அதே வேனின் பின்பக்கத்தில்தான் அவருடைய சைக்கிளும் பயணம் செய்கிறது. அதனால் இருக்கை, கைப்பிடி, சட்டம் எல்லாவற்றிலும் மத்தி வாசனை. காப்பிக்கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு அவர் உள்ளே போய் வருவதற்குள் பூனைகள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடும். குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் ஒரு முறை அவருக்குப் பின்னால் ஓட்டிப் பார்ப்பார்கள், பிறகு முன்னால் போய்விடுவார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை. அவருக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது என்பதுதான் அவருடைய வேலையே.

எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்குத் துடைப்பம் என்று பெயர். முன்னால் போகிறவருக்கு வழி தெரிய வேண்டும். நடுவில் போகிறவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. கடைசியில் வருகிறவர்தான் விழுந்தவன், சங்கிலி அறுந்தவன், மூச்சு வாங்குகிறவன், இனி முடியாது என்று பாதையோரம் உட்கார்ந்தவன் எல்லோரையும் கூட்டி அள்ளிக்கொண்டு வர வேண்டும். துடைப்பம் யாரையும் தாண்டிப் போகாது. கடைசி ஆள் நின்றால் அவரும் நிற்பார். இறங்கி நடந்தால் அவரும் நடப்பார். புதருக்குப் பின்னால் போனால் இவர் பாதையில் நின்று எதிர்ப்பக்க மலையை ரசிப்பார். இருக்கைக்குப் பின்னால் ஊர்ஸ் குச்சிகளை மீன்பெட்டிக் கயிற்றால் கட்டி ஒரு சின்னத் துடைப்பத்தையும் தொங்கவிட்டிருக்கிறார். மேட்டுவெளி முழுக்க முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும் புதர்தான் ஊர்ஸ். குச்சி நைந்துபோனால் போகிற போக்கில் நாலு ஒடித்துக்கொள்வார்.

ஏற்றத்தில் அவர் மூக்கு வழியாக மட்டுமே மூச்சு விடுவார். பேரிங் தேய்ந்த மோட்டார் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருப்பது போல இருக்கும். இறக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு காலை வெளியே நீட்டிவிடுவார். அந்தக் காலால் எந்த உபயோகமும் இல்லை என்று பலர் சொல்லியாயிற்று. "அது உங்களுக்கு இல்ல, எனக்குத் தைரியத்துக்கு," என்பார். முதுகுப்பையில் சங்கிலிக் கொக்கிகளும் டியூப்புகளும் ஆற்றைக் கடந்தபின் ஈரமான பாதங்களில் மாட்டிக்கொள்ள மீன் பைகளும் இருக்கும். அடியில் ஒரு சின்னப் பாட்டிலில் திராட்சைச் சாராயம். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் முதலுதவி.

சோர்ந்துபோனவர்களிடம் அவர் சொல்வது ஒரே வாக்கியம். தாடையை முன்னால் நீட்டிக் காட்டி, "இதோ, அங்கதான்" என்பார். அது அடுத்த வளைவாக இருக்கலாம், மூன்று குன்று தள்ளியும் இருக்கலாம். இந்தப் பக்கத்தில் துடைப்பமாக வருகிற எல்லோரும் சொல்லும் பொய்தான் அது. கேட்கிறவர்களுக்கும் பொய் என்று தெரியும். போன மாதம் நெல்சன் பாதையில் மல்லாந்து படுத்துவிட்டான்.

"உண்மையச் சொல்லுங்க மாமா. எவ்வளவு தூரம்?"

"இதோ, அங்கதான்."

"இதையேதான் ஒரு மணி நேரமா சொல்றீங்க."

"ஒரு மணி நேரமா நீ வந்துக்கிட்டுத்தானே இருக்க? அப்ப வேலை செய்யுதுல்ல?"

பிறகு என்னிடம் தனியாக விளக்கினார். "துடைப்பம் நெசத்தைச் சொன்னா ஆளு உக்காந்துருவான், இன்ஜினியரம்மா. உக்காந்துட்டா காலு செத்துரும்." என்னை அவர் அப்படித்தான் அழைக்கிறார். மனம் இளகும் நேரத்தில் புள்ள என்பார்.

என் அப்பா பெல்மிருதான் பெரும்பாலும் கடைசி ஆள். ஓட்ட முடியாததால் அல்ல. அமில்காரோடு பேசிக்கொண்டு வருவதற்காக. முன்னால் போகிறவர்களுக்கு அது பேச்சாகக் கேட்காது, சண்டையாகத்தான் கேட்கும். கிறிஸ்துமஸுக்கு எட்டுக்கைப் பேய்க்கணவாய் வேகவைக்கும்போது பானையில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று பல வருடங்களாகச் சண்டை.

கடந்த அக்டோபரில், கஷ்கொட்டை உதிரும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழு வழக்கமாகப் போகும் காட்டுப் பாதையில் அப்பா இறந்துபோனார். இதயம். அன்றும் அவர்தான் கடைசி ஆள். அவருக்குப் பின்னால் அமில்கார். கூட வேறு யாரும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் வேலையும் பார்க்கும் தீயணைப்புக்காரர்கள் ஆற்றுப் பாலத்தடியில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். இறப்புச் சான்றிதழில் இடம் என்று மருத்துவமனையின் பெயர்தான் இருக்கிறது.

நான் காற்றாலைகளைப் பழுது பார்ப்பவள். தகவல் வந்தபோது வேறொரு நாட்டில் ஒரு கோபுரத்தின் உச்சியில் இருந்தேன். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் வேலை. எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். குளிர் குறைந்ததும் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி ஆளாகச் சேர்ந்தேன். அமில்கார் என் டயரை அமுக்கிப் பார்த்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

குழு ஒரு கல் செய்து வைத்திருந்தது. கறுப்புப் பலகைக்கல், ஒரு ரொட்டி அளவு, அதில் அப்பாவின் பெயர். காட்டில் இறந்தவருக்கு அவர் விழுந்த இடத்திலேயே கல் வைப்பது எங்கள் வழக்கம். சிறியதாக இருந்தால் சரி என்று காட்டைப் பராமரிக்கும் பூங்கா அதிகாரியும் ஒப்புக்கொண்டார். எங்களில் இடம் தெரிந்த ஒரே ஆள் அமில்கார். எனவே கல்லை அவரிடம் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி வேனில் வைத்துக்கொண்டார். அதோடு சரி. கல் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஊர் ஊராகப் போய் வந்தது. ஒரு ஊரில் ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அது என்ன, கருவாடா?" என்று கேட்டிருக்கிறாள். "அது விக்கிறதுக்கு இல்ல. அவன் என்கூட வர்றான்," என்றாராம்.

ஏன் வைக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. "அப்பா விழுந்த இடத்தைக் காட்டுங்க மாமா," என்று கேட்டேன். "காட்டுறேன், வா," என்றார்.

மார்ச்சில், இலை துளிர்க்காத ஓக் காட்டில், பாசி படர்ந்த ஒரு மரத்தடி வளைவில் பின்னால் பிரேக் சத்தம் கேட்டது. திரும்பினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இங்கதான்." கைப்பிடியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியில் பொத்தானை அழுத்தினேன். புள்ளி பதிவாயிற்று. மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் மரமாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து அதே பாதையில், காட்டைத் தாண்டி மேட்டுவெளிக்கு ஏறியிருந்தோம். ஊர்ஸ் பூக்கத் தொடங்கியிருந்தது, பார்க்கிற பக்கமெல்லாம் ஊதா. மறுபடியும் பிரேக். மறுபடியும் ஹெல்மெட் கையில்.

"இங்கதான் புள்ள."

"மாமா, அன்னிக்கு ஓக் காட்டுல காட்டினீங்க."

"காட்டினேன்."

"அப்ப இது?"

"இதுவுந்தான்."

நான் நகரும்வரை அவர் நகரவில்லை. கருவியில் இரண்டாவது புள்ளி.

அதற்கடுத்த வாரமே, பசெய்ரு ஆற்றங்கரையில், பாலத்துக்கு மேற்புறம் நாங்கள் கல் மீது கால் வைத்துத் தாண்டும் துறையில். இந்த முறை அவர் ஹெல்மெட்டை மட்டும் கழற்றினார்.

"இங்கேயுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

மூன்று புள்ளிகள். ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட இல்லை. நடுவே ஒரு காடு, ஒரு மேடு, ஒரு பள்ளத்தாக்கு. ஒரு மனிதர் மூன்று இடத்தில் விழ முடியாது. கருவியில் கோளாறு என்றால் புரிந்துகொள்வேன். ஆள் பொய் சொல்கிறார் என்றால்கூடப் புரிந்துகொள்வேன். ஆனால் மூன்று இடத்திலும் அவர் முகம் ஒரே மாதிரி இருந்தது.

நினைவு தவறுகிறதோ என்று நினைத்து ஒரு நாள் வேனில் கூடவே போனேன். ஹாரன் அடிப்பதற்கு முன்பே எந்தக் கதவு திறக்கும், யாருக்கு என்ன மீன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வீட்டைக் காட்டி, "அந்தம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

"தலையோட வேணும். புருஷன் இருந்தப்ப தலைய வெட்டி எறியச் சொல்லுவா. அவன் போனதுக்கு அப்புறம் தலைதான் வேணுங்கிறா. அவனுக்குத் தலைதான் புடிக்கும். உசுரோட இருந்தப்ப குடுக்கல."

நினைவில் ஒரு பழுதும் இல்லை. அது என்னை இன்னும் குழப்பியது.

மே மாதம் எங்கள் வருடாந்திரச் சவாரி வரும். சுற்றுவட்டாரக் குழுக்கள் எல்லாம் கலந்துகொள்ளும். அந்த ஞாயிறு கல்லைப் பாதிரியார் மந்திரிப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வாரம், நான் மூன்று புள்ளிகளையும் காட்டியதும், குழுத் தலைவி ஒடீலியா அமில்காரைத் தன் மருந்துக்கடையில் பிடித்து உட்காரவைத்து, இரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில் கையைக் கட்டிப்போட்டாள்.

"அண்ணே, கல்லு அழுகாதுங்கிற தைரியத்துல வண்டியிலயே வச்சிருக்கீங்களா?"

"ஐஸ்லதான் இருக்கு டாக்டரம்மா."

"ஃபாதர் எங்க வந்து நிக்கணும்? மூணு எடத்துலயும் நின்னு மூணு தடவை ஜெபம் பண்ணச் சொல்லவா?"

"பண்ணினா தப்பில்ல."

"பாருங்க, உங்க பிரஷர் ஏறுது."

"நீங்க கையை விட்டா எறங்கும்."

ஒடீலியா கையை விட்டாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "சனிக்கிழமை நீ கூட்டிட்டுப் போ. இவர் வாயிலருந்து ஒரு எடம் வரணும். ஒண்ணே ஒண்ணு. கல்லை வச்சுட்டு வந்துருங்க."

சனிக்கிழமை மதியம் மீனெல்லாம் விற்றுவிட்டு நேராக வந்தார். முழங்கையில் செதில் ஒட்டியிருந்தது. கல்லை மீன் தாளில் சுற்றி முதுகுப்பைக்குள் வைத்திருந்தார். வழக்கம்போல நான் முன்னால், அவர் பின்னால்.

ஓக் காட்டு வளைவில் நின்றேன். அவரும் நின்றார்.

"இங்கயா மாமா?"

"போ."

மேட்டுவெளியில் நின்றேன். காற்று பலமாக அடித்தது. ஊர்ஸ் புதர்கள் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக எழுந்தன.

"இங்க?"

"போ புள்ள."

ஆற்றங்கரையில் அவராகவே இறங்கினார். சைக்கிளைச் சாத்தினார், பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். தண்ணீர் நிறைய ஓடியது. அந்தச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் அவர் கொஞ்சம் உரக்கவே பேசினார். மீன் விற்கும்போது பேசுவது போல.

"அன்னிக்குக் காலையில டயரைப் பார்த்தேன். அவன் கண்ணையும் பார்த்தேன். நேத்துப் புடிச்சதுன்னு நான்தான் சொன்னேன்."

நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஓக் காட்டுல எறங்கி உக்காந்தான். காலையில தின்ன அல்யெய்ரா சாசேஜ் நெஞ்சுல நிக்குதுன்னான். ரெண்டு தின்னியான்னு கேட்டேன். மூணுன்னான். மூஞ்சி வெளுத்திருந்துச்சு. ஏத்தத்துல வர்ற வெளுப்புதான்னு நெனச்சேன், தெனம் பாக்குறதுதானே. இதோ அங்கதான், மேட்டுக்குப் போனா காத்து வரும்னேன். எந்திரிச்சான்."

"வேர்த்துதா? கை வலிக்குதுன்னாரா?"

"வேர்க்காம யாரு ஏறுனா? கையைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மேட்டுல வந்ததும் சைக்கிளைப் போட்டுட்டு ஊர்ஸ் மேல மல்லாந்து படுத்துட்டான். எனக்கு சரியாப் படல. போனை எடுத்தேன். அங்க டவர் கெடைக்கும்." முழங்கையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டி எறிந்தார். "உங்கப்பன் சிரிச்சான். 'யோவ், தீயணைப்பு வண்டி எனக்கா? என்னைய அதுல ஏத்தினா நாளைக்குக் காப்பிக்கடைப் பக்கம் தலை காட்ட முடியுமா? உள்ள வை போனை'ன்னான். வச்சேன்."

"சிரிச்சாரா?"

"வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். 'வர்ற கிறிஸ்துமஸுக்காவது வெங்காயத்தை விட்டுருவியா?'ன்னு கேட்டான். மாட்டேன்னேன். நாசமாப் போன்னான். அவன் என்கிட்ட கடைசியாச் சொன்னது அதான்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் சொன்னேன். இதோ அங்கதான், ஆத்தைத் தாண்டினா வந்துரும்னு. அது பொய்யின்னு அவனுக்குத் தெரியும். எனக்கு முன்னால அவன்தானே துடைப்பம்? எத்தனை பேர்கிட்ட அவனே சொல்லியிருப்பான். ஆனாலும் எந்திரிச்சான். மெதுவா வந்தான். நானும் பின்னாலயே மெதுவா வந்தேன். இங்க எறங்கினான், சைக்கிளை இந்தக் கல்லுல சாத்தினான், உக்காந்தான். நான் பக்கத்துல வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. இங்க டவர் கெடையாது. பாலம் வரைக்கும் ஓடினேன்."

"மேட்டுலருந்து முன்னால போய் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே மாமா."

குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. பழுது பார்க்கும்போது கேட்கிற கேள்வி அது. அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

"துடைப்பம் தாண்டிப் போறதில்ல," என்றார். "அவன் மொள்ளமா வர்றப்ப நான் முந்திக்கிட்டுப் போனா அவனுக்கு எப்படி இருக்கும்? அன்னிக்கு எனக்கு அது மரியாதையாத்தான் பட்டுச்சு."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். குளிர் விட்டதிலிருந்து இத்தனை ஞாயிறும் பார்க்காத என் கண்ணைப் பார்த்தார்.

"ஒடீலியா எடம் எதுன்னு கேக்குறா. அது எனக்கும் தெரியாமத்தான் இதைத் தூக்கிக்கிட்டு அலையுறேன். எங்க பழுதுன்னு கண்டுபுடிக்கிறது உன் வேலை. நீ சொல்லு. எந்த எடத்துல நான் அவனைத் தாண்டிப் போயிருக்கணும்? அங்க வைக்கிறேன்."

அப்போதுதான் மூன்று புள்ளிகளும் புரிந்தன. நான் கேட்டது ஒரு கேள்வி. அவர் இத்தனை நாளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது வேறொன்றுக்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஓக் காட்டில் டவர் இல்லை. அங்கிருந்து உதவிக்குப் போனால் அப்பாவைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும். மேட்டில் டவர் உண்டு, ஜீப் ஏறிவரும் தடமும் உண்டு. ஆனால் ஜீப் வந்து சேரும்வரை அந்த இதயம் தாங்கியிருக்குமா என்பதற்கு என்னிடம் எந்த எண்ணும் இல்லை. படுத்தே கிடந்திருந்தால்? எழுப்பி நடத்தாமல் இருந்திருந்தால்? கணக்கின் ஒவ்வொரு வரியிலும் ஒரு எண் விடுபட்டிருந்தது. என் வேலையில் அப்படி நேர்ந்தால் சந்தேகப்படும் பாகத்தை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்போம்.

"தெரியல மாமா."

"தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்குப் புள்ள அவ்வளவு படிச்ச?"

கோபமாகச் சொல்லவில்லை. என்னோடு சேர்ந்து அவரும் ஏமாந்தது போலச் சொன்னார். ஆற்றில் ஒரு கிளை மிதந்து வந்து பாறையில் மாட்டிக்கொண்டு, திரும்பி, விடுபட்டுப் போனது. நாங்கள் இருவரும் அது போகும்வரை பார்த்தோம்.

"மேட்டுல வைப்போம்," என்றேன்.

"மேட்டுலயா?"

"ஆமா."

"போனை உள்ள வச்ச எடத்துலயா?"

"அப்பா சிரிச்ச எடத்துல."

"ரெண்டும் ஒரே எடந்தான்."

"தெரியும்."

போனை நினைத்துச் சொன்னேனா, சிரிப்பை நினைத்துச் சொன்னேனா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவர் கேட்கவில்லை. பையை முதுகில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

வந்த இறக்கம் முழுவதும் இப்போது ஏற்றம். சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டி நின்றேன். பின்னால் அவரும் நின்றார். எல்லோரிடமும் சொல்வதை என்னிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

இடத்தை அவர் தேடவில்லை. நேராகப் போய் நின்றார். ஊர்ஸ் புதரைக் கையால் இரண்டு பக்கமும் ஒதுக்கி மண்டியிட்டார். மீன் சீவும் கத்தியை எடுத்துத் தோண்டத் தொடங்கினார். மேலே கறுப்பு மண் ஒரு விரல் கனம்தான். அதற்குக் கீழே சரளை. கத்தி கல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் வந்தது. நான் பையிலிருந்து கல்லை எடுத்துத் தாளைப் பிரித்தேன். மீன் வாசனை அடித்தது. ஜில்லென்று இருந்தது.

சீக்கிரமே குழி சரியான அளவுக்கு வந்துவிட்டது.

"போதும் மாமா."

அவர் நிமிரவில்லை. கத்தியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் அள்ளத் தொடங்கினார். ஒரு பிடி, இன்னொரு பிடி. குழி அவர் முழங்கை ஆழத்துக்குப் போனது.

"மாமா, சின்னக் கல்லுதானே. போதும்."

"இதோ, அங்கதான்," என்றார். குனிந்தால் எட்டாமல் போனதும் குப்புறப் படுத்தார். கன்னத்தை ஊர்ஸ் பூக்களின் மேல் வைத்துக்கொண்டு, கையைத் தோள்வரை உள்ளே விட்டு, ஒவ்வொரு பிடியாக மண்ணை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.